லெட்டார்ட் ஓடை: கண்ணெதிரே நிற்கும் ட்ரவுட் ஃபிளையைத் தொட மறுக்கிறது, எதை மாற்றுவது?

ஊற்றுக்கண்:

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கார்லைல் ஊருக்கருகே ஓடும் லெட்டார்ட் ஸ்பிரிங் ரன் ஓடையில் ஃபிளையால் (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) ட்ரவுட் மீன் பிடிப்பது பற்றிய கேள்வி. ஜூன் இரண்டாம் வாரம், மேல்பகுதி, புல்வெளி ஊடே ஓடும் இடம். ராடு 9 அடி, 5 வெயிட் (லைனின் எடை எண்). கடையில் வாங்கிய 9 அடி லீடர் (லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு), நுனி 5எக்ஸ் (எக்ஸ் எண் கூடினால் நரம்பு மெல்லியது). பெட்டியில் இருப்பவை: ஆடம்ஸ் 14, எல்க் ஹேர் கேடிஸ் 14, தலையில் உலோக மணி வைத்த (மணித்தலை) ஃபெசன்ட் டெயில் 14. எண் முள்ளின் அளவு, கூடினால் ஃபிளை சிறியது.

தண்ணீர் கண்ணாடி. பாசித் திட்டுகளுக்கு நடுவே ஓடும் சந்துகளில் பிரவுன் ட்ரவுட்கள் நிற்பது தெளிவாகத் தெரிகிறது. ஒன்றிரண்டு 16 அங்குலம் இருக்கும். நடப்பது மூன்று விதம். ஒன்று, ராடைத் தூக்கும் முன்பே மீன் பாசிக்குள் போய்விடுகிறது. இரண்டு, மணித்தலை விழும் சத்தத்திலேயே ஓடுகிறது. மூன்று, அபூர்வமாக ஃபிளையை நோக்கி மேலே வந்து, அதன் கீழேயே அரை அடி பின்னோக்கி மிதந்து, திரும்பிப் போய்விடுகிறது.

மலை ஓடைகளில் இதே சாமான்கள் வேலை செய்கின்றன. இங்கே எதை முதலில் மாற்ற வேண்டும்: ஃபிளையா, லீடரா, நிற்கும் இடமா? மீன் மாட்டினால் அத்தனை பாசியிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்பதையும் சொல்லுங்கள்.

நீர்வளையம்:

முதலில் அந்த ஓடை எப்படிப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

மலை ஓடை மழையை நம்பி ஓடுகிறது. லெட்டார்ட் நிலத்தடி ஊற்றை நம்பி ஓடுகிறது. கம்பர்லண்ட் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் ஊறி வரும் தண்ணீர், வருடம் முழுக்க ஏறத்தாழ 50 முதல் 55 ஃபாரன்ஹீட் வெப்பத்திலேயே மேலே வருகிறது. கோடையில் சூடாவதில்லை, குளிர்காலத்தில் ஊற்றருகே உறைவதில்லை. வெள்ளமும் வறட்சியும் மட்டுப்பட்டவை. கரைந்த சுண்ணாம்பு பாசியை வளர்க்கிறது, பாசி ஓட்டுடலிகளை வளர்க்கிறது. ஆகவே மீனுக்கு 12 மாதமும் சாப்பாடு மூக்கருகிலேயே வந்துகொண்டிருக்கிறது. மலை ஓடை ட்ரவுட்டுக்கு ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம், விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. இங்கே அந்த அவசரம் இல்லை. மீன் ஃபிளையை ஆற அமரப் பார்க்கிறது. உங்கள் மூன்றாவது அனுபவம் அதுதான்.

இன்னொன்று: மேஃப்ளை (தண்ணீரில் வளர்ந்து சிறகு முளைத்து எழும் பூச்சி) வகைகள் இங்கே குறைவு. பூச்சி எண்ணிக்கை ஏராளம், வகைதான் சில. நிரந்தரச் சாப்பாடு இரண்டு. ஒன்று கிரெஸ் பக், அதாவது பாசியில் ஊர்ந்து திரியும் தட்டையான சாம்பல் நிற ஓட்டுடலி, ஏழு ஜோடிக் கால். மற்றது ஸ்கட், கூனி இறால் போன்ற உருவம், ஒலிவ் அல்லது சாம்பல். ஒரு பிடி பாசியை எடுத்து வெள்ளைத் தட்டில் உதறிப் பாருங்கள், இரண்டும் டஜன் கணக்கில் நெளியும். பார்த்துவிட்டுப் பாசியோடு திருப்பி விட்டுவிடுங்கள். அவற்றின் அளவையும் நிறத்தையும் பார்த்துத்தான் ஃபிளை தேர்ந்தெடுக்க வேண்டும், கடைக்காரர் சொல்வதை வைத்து அல்ல.

ஆகவே உங்கள் பெட்டியில் முதலில் சேர வேண்டியது கிரெஸ் பக், 14 முதல் 18 வரை. கட்டுவது எளிது. 16ஆம் எண் நிம்ஃப் முள்ளில், ஈயமில்லாத மெல்லிய கம்பி 0.010 அங்குலம், நான்கு முதல் ஆறு சுற்று. குறடால் அந்தச் சுற்றை மெதுவாக அழுத்தித் தட்டையாக்குங்கள். மேலே சாம்பலில் லேசாக ஒலிவ் கலந்த உரோமத்தைத் தடிமனாகச் சுற்றி, பிறகு மேலும் கீழும் ஒட்ட வெட்டிவிடுங்கள். இரு பக்கமும் மட்டும் உரோமம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் நீள்வட்டம், பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டை. பலர் இதை உருண்டையாகக் கட்டிவிட்டு மீனைக் குறை சொல்கிறார்கள்.

ஸ்கட் கட்டும்போது வளைந்த முள்ளைத் தேடி ஓட வேண்டாம். ஸ்கட் சுருண்டு கிடப்பது கையில் எடுக்கும்போதும் செத்த பிறகும்தான். நீந்தும்போது உடல் நீண்டு நேராக இருக்கும். நேரான முள் போதும்.

மணித்தலையை இந்த ஓடைக்கு வெளியே வைத்துவிடுங்கள். ஒன்றரை அடி ஆழமுள்ள மெதுவான தண்ணீரில் அது விழுவது கல்லெறிவதற்குச் சமம்.

கொக்குநடை:

ஃபிளையைப் பற்றி நீர்வளையம் சொன்னது சரி. ஆனால் கேட்டவரின் முதல் பிரச்சினைக்கும் ஃபிளைக்கும் சம்பந்தமில்லை. காஸ்ட் செய்யும் (லைனை வீசும்) முன்பே மீன் போய்விட்டால் எந்த ஃபிளை இருந்து என்ன?

மீனின் பார்வைக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு வெளியே உள்ள உலகம் முழுவதும் மீனுக்கு ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரிகிறது. அந்த ஜன்னலின் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல இரண்டேகால் மடங்கு. ஒரு அடி ஆழத்தில் நின்றால் இரண்டேகால் அடி வட்டம். மேற்பரப்பிலிருந்து நான்கு அங்குலத்தில் நின்று மேய்ந்தால் ஒன்பது அங்குல வட்டம்தான். ஜன்னலுக்கு வெளியே மேற்பரப்பு ஓடையின் அடியைக் காட்டும் கண்ணாடியாகிவிடும்.

தாழ்வாக இருக்கும் பொருள்கள் ஜன்னலின் விளிம்பில் நசுங்கி மங்கலாகத் தெரியும். தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 10 பாகைக்குக் கீழே நீங்கள் இருந்தால் மீனுக்கு நீங்கள் ஏறக்குறைய இல்லை. 30 அடி தூரத்தில் 10 பாகை என்பது ஐந்தே கால் அடி உயரம். இரண்டு அடி உயரக் கரையில் ஆறடி ஆள் நிமிர்ந்து நின்றால் தலை எட்டடியில் இருக்கிறது, நன்றாகவே தெரியும். அதே இடத்தில் முழங்காலிட்டு, குதிகால் மேல் உட்கார்ந்து குனிந்தால் கணக்குக்குள் அடங்கிவிடுவீர்கள். 15 அடிக்கு நெருங்கினால் அந்த எல்லை இரண்டரை அடியாகக் குறைகிறது, முழங்காலும் போதாது. முழங்கால் உறை வாங்குவதற்குச் செலவிடும் பணம் புது ராடுக்குச் செலவிடுவதைவிட இங்கே அதிகம் பலன் தரும்.

கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் காலடி தெரியும். அந்தக் கரை ஈரப்புல், அடியில் சொதசொத மண். அழுத்தி நடந்தால் அதிர்வு நேரே தண்ணீருக்குப் போகும். குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதத்தை மெதுவாக இறக்கி நடக்க வேண்டும். கரை ஓரத்திலிருந்து நான்கடி உள்ளே தள்ளி நடந்து, மீனைக் கண்ட பிறகே ஓரத்துக்கு வாருங்கள். தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். லெட்டார்ட்டின் அடி சேறும் சுண்ணாம்புப் படிவுமாக மெத்தென்று இருக்கும், முழங்கால் வரை புதையும், கலங்கல் கீழே உள்ள எல்லா மீனுக்கும் தந்தி அடித்துவிடும். பாசியில் வாழும் கிரெஸ் பக்குகளையும் மிதித்து நாசமாக்குகிறோம்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்களுக்கு மீன் நன்றாகத் தெரியும், ஆனால் உங்கள் நிழலும் ராடின் நிழலும் மீன் மேல் விழும். பக்கவாட்டில் இருக்கும்படி இடம் பாருங்கள். பளபளக்கும் ராடு, வெளிர் மஞ்சள் லைன் இரண்டும் இங்கே பகை. ஒலிவ் அல்லது சாம்பல் நிற லைன் போதும். ஃபால்ஸ் காஸ்டை (லைனைத் தண்ணீரில் விடாமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசுவதை) மீனுக்கு மேலே செய்யாமல், பத்தடி பக்கத்தில் தள்ளிச் செய்து, கடைசி வீச்சை மட்டும் திருப்புங்கள்.

முடிச்சு_17:

லீடர் பற்றி. 9 அடி கடை லீடரின் அடிப்பகுதி (லைனோடு சேரும் முனை) தடித்து விறைப்பாக இருக்கும், நேராக விரிவதற்காகவே செய்தது. இங்கே நமக்குத் தேவை நேராக விரியாத லீடர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிளை ஃபிஷிங் கற்பித்த ஜார்ஜ் ஹார்வி பரப்பிய கருத்து இது: அடி மெல்லியதாக 0.017 அங்குலத்தில் தொடங்கு, மேல்பகுதி விறைப்பான நைலான், கீழ்ப்பகுதி மிருதுவான நைலான், டிப்பெட் (ஃபிளையைக் கட்டும் கடைசித் துண்டு) நீளமாக. விழும்போது S வடிவச் சுருள்கள் அடுக்கடுக்காக விழும். ஃபிளை ஓட்டத்தோடு போகும்போது சுருள் ஒவ்வொன்றாக அவிழும், அதுவரை இழுவை (லைன் ஃபிளையை ஓட்டத்துக்கு மாறாக இழுப்பது) கிடையாது.

அந்த வழியில் இந்த ஓடைக்கு ஏற்ற ஒரு அளவு, மேலிருந்து கீழாக:

விறைப்பான நைலான்: 0.017, 0.015, 0.013, 0.011 நான்கும் தலா 20 அங்குலம்.
மிருதுவான நைலான்: 0.009 12 அங்குலம், 3எக்ஸ் 16, 4எக்ஸ் 18, 5எக்ஸ் 20, கடைசியில் 6எக்ஸ் 30.

மொத்தம் 176 அங்குலம், 14 அடி 8 அங்குலம். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளின் தடிமன் வித்தியாசம் 0.002 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முடிச்சு வழுக்கும், வீச்சின் விசையும் அங்கேயே உடையும். 0.009 வரை பிளட் நாட், அதற்குக் கீழே மூன்று சுற்று சர்ஜன்ஸ் நாட். இறுக்கும் முன் எச்சிலால் நனைக்காவிட்டால் 6எக்ஸ் தன் சூட்டிலேயே பாதி பலம் இழந்துவிடும்.

எக்ஸ் எண் குழப்பினால்: 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தடிமன், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தில். 6எக்ஸ் என்றால் 0.005. ஃபிளை எண்ணை மூன்றால் வகுத்தால் தோராயமான எக்ஸ், 18க்கு 6எக்ஸ்.

டிப்பெட் நீளத்தைக் காஸ்ட் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விழுந்ததும் டிப்பெட் நேர்க்கோடாகக் கிடந்தால் ஆறு அங்குலம் கூட்டுங்கள். ஃபிளை லீடர் மேலேயே குவியலாக விழுந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாவிட்டால் ஆறு அங்குலம் குறையுங்கள். காற்று மாறினாலும், பெரிய வெட்டுக்கிளி ஃபிளைக்கு மாறினாலும் திரும்பச் சோதிக்க வேண்டும்.

காஸ்ட் இரண்டு போதும். முதலாவது பைல் காஸ்ட்: முன்வீச்சைத் தண்ணீரை நோக்கி அல்ல, மீனுக்கு மேலே மர உச்சியைப் பார்த்து உயரமாக நிறுத்துங்கள், லைன் விரிந்த நொடியில் ராடு நுனியைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள். லைன் முதலில் விழும், லீடர் அதன் பின்னால் சுருண்டு இறங்கும். இரண்டாவது ரீச் காஸ்ட்: முன்வீச்சு நின்ற பிறகு, லைன் காற்றில் இருக்கும்போதே ராடை மேல்நீர்ப் பக்கம் (தண்ணீர் வரும் பக்கம்) முழு கை நீளத்துக்குச் சாய்த்துவிடுங்கள். லைன் ஃபிளைக்கு மேல்நீரில் விழும், நடுவில் உள்ள வேகமான ஓட்டம் அதை இழுக்க நேரம் பிடிக்கும்.

உலர் ஃபிளைக்கு (மேற்பரப்பில் மிதப்பது) நைலான்தான், ஃப்ளூரோகார்பன் வேண்டாம். டிப்பெட்டின் கடைசி ஒன்றரை அடியை எண்ணெய் நீக்குங்கள். முல்தானி மட்டி, கிளிசரின், பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றையும் பிசைந்து மாவு பதத்தில் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டால் போதும். டிப்பெட் மேற்பரப்பின் தோலில் கிடந்தால், அடியில் அதன் நிழல் கயிறு போல விழுகிறது. வெயிலில் ஓடையின் அடியைப் பாருங்கள், தெரியும். நனைந்து தோலுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த நிழல் இல்லை.

5 வெயிட் ராடை மாற்றியே ஆக வேண்டும் என்று இல்லை. அடுத்தது வாங்கும்போது 3 அல்லது 4 வெயிட், நடுவில் வளையும் மிருதுவான ராடு பாருங்கள். 6எக்ஸைக் காப்பாற்றுவது ராடின் வளைவு.

ஊற்றுக்கண்:

நன்றி, மூவருக்கும். லீடரைக் கட்டி, புல்தரையில் பைல் காஸ்ட் சோதித்து, 16ஆம் எண் கிரெஸ் பக்கும் 18ஆம் எண் கறுப்பு வண்டும் கொண்டு திரும்ப முயன்றதில் மீன் ஓடுவது நின்றுவிட்டது. வண்டை நோக்கி மேலே வருகின்றன. ஆனால் பாதிக்குப் பாதி அந்த மூன்றாவது பிரச்சினை: கீழேயே பின்னோக்கி மிதந்து வந்து, பார்த்துவிட்டு, போய்விடுகின்றன. 7எக்ஸுக்கு இறங்கிவிடலாமா? கிரெஸ் பக்கை மீன் எடுத்ததா இல்லையா என்பதும் தெரியவில்லை.

பழையகரை:

7எக்ஸ் இப்போதைக்கு வேண்டாம். மேலே சொன்ன நண்பர்களோடு ஒரு விஷயத்தில் எனக்கு அழுத்தம் வேறு: இந்த ஓடையில் டிப்பெட்டின் தடிமனைவிட, ஃபிளை வந்து சேரும் பாதைதான் பத்துக்கு எட்டு முறை காரணம்.

ஃபிளை மீன்பிடிப்பாளர்களான வின்ஸ் மாரினாரோவும் சார்லி ஃபாக்ஸும் லெட்டார்ட் கரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள். மாரினாரோ மீன் மேலெழும் விதத்தை மூன்றாகப் பிரித்தார். எளியது: மீன் லேசாக மேலே சாய்ந்து, எடுத்துக்கொண்டு, இடத்துக்குத் திரும்பும். கூட்டு: ஃபிளையோடு சேர்ந்து பின்னோக்கி மிதந்து, பார்த்து, பிறகு எடுக்கும் அல்லது மறுக்கும். சிக்கலானது: மறுத்த பிறகும் சந்தேகம் தீராமல் கீழ்நீர்ப் பக்கமே திரும்பித் துரத்தி வரும். நீங்கள் பார்ப்பது இரண்டாவது. அந்த ஒன்றிரண்டு அடியில் ஃபிளை எப்படி நகர்கிறது என்பதில்தான் மீன் முடிவெடுக்கிறது. அதாவது மீன் முதலில் நின்ற இடம் வரைக்கும் இழுவை இல்லாமல் வந்தால் போதாது. அதைத் தாண்டி இன்னும் மூன்றடி இழுவையில்லாமல் போக வேண்டும். பலர் சுருள் முழுவதையும் மீனுக்கு மேல்நீரிலேயே செலவழித்துவிடுகிறார்கள். ஃபிளை சரியாக மீன் மூக்கருகே வரும்போது டிப்பெட் நேராகிவிடுகிறது.

நம் கண்ணுக்கு அந்த இழுவை தெரியாது. சோதனை எளிது: ஃபிளைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு பாசித் துணுக்கையோ நுரைக் குமிழையோ சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஓர் அங்குலம் மாறினாலும் இழுவை இருக்கிறது. பாசித் திட்டுகள் நடுவே தண்ணீர் பின்னல் பின்னலாக ஓடுகிறது, ஒரு கையளவு அகலத்தில் மூன்று வேகம் இருக்கும். ஆகவே இடத்தை மாற்றுங்கள். மீனுக்குக் கீழ்நீரில் நின்று மேல்நோக்கி வீசுவது மலை ஓடைப் பழக்கம். இங்கே மீனுக்குச் சற்று மேல்நீரில், எதிர்க்கரைக் கோணத்தில் 25, 30 அடி தள்ளி முழங்காலிட்டு, கீழ்நோக்கி ரீச் காஸ்ட் போடுங்கள். மீனுக்கு முன்னே இரண்டு மூன்றடியில் ஃபிளை விழ வேண்டும். மீன் முதலில் காண்பது ஃபிளையை, லீடரை அல்ல. போதாத சுருளை ராடு நுனியை முன்னே நீட்டி ஊட்டிவிடலாம். மீன் எடுக்காமல் போனால் உடனே தூக்காதீர்கள். ராடைப் பக்கவாட்டில் சாய்த்து ஃபிளையை மீனின் பாதையிலிருந்து விலக்கி, ஆறு அடி கீழே போன பிறகு மெதுவாக எடுங்கள்.

இரண்டு நல்ல காஸ்டுக்கு மேல் ஒரே மீனுக்கு அடுத்தடுத்துப் போடாதீர்கள். மூன்று நிமிடம் கொடுங்கள். மீன் திரும்ப மேயத் தொடங்கினால்தான் அடுத்தது. இத்தனையும் சரியாக இருந்தும் மறுத்தால், ஃபிளையை இரண்டு எண் சிறியதாக்குங்கள். அதன் பிறகுதான் 7எக்ஸ், அதுவும் 22ஆம் எண்ணுக்கும் அதைவிடச் சிறிய ஃபிளைகளுக்கும்.

கிரெஸ் பக்கை மீன் எடுப்பது பற்றி: மிதவை வேண்டாம், மீனைப் பாருங்கள். வாய் திறக்கும்போது உள்ளே உள்ள வெண்மை ஒரு கணம் மின்னும். அல்லது தலை அரை அங்குலம் பக்கவாட்டில் திரும்பி நேராகும். ஃபிளை மீன் பக்கம் வந்திருக்கும் என்று நீங்கள் கணக்கிடும் நேரத்தில் இவற்றில் ஒன்று நடந்தால் ராடை மெதுவாக உயர்த்துங்கள். ஒரு அடி ஆழத்துக்கு நான்கைந்து அடி மேல்நீரில் போட்டால்தான் மீன் மட்டத்துக்கு இறங்கும். ஓட்டத்தின் வேகத்துக்கேற்ப இதைக் கூட்டிக் குறையுங்கள். பாசிச் சந்தின் நடுவில் அல்ல, சுவரை ஒட்டி ஓட விடுங்கள். ஓட்டுடலி பாசியிலிருந்துதான் கழன்று விழுகிறது. வெளிச்சம் குறைந்து மீன் தெரியாத நாளில் லீடரில் எண்ணெய் தடவிய கம்பளி நூல் துணுக்கு ஒன்று, அரிசி அளவில், போதும்.

தத்துப்பூச்சி:

கோடைக்கான ஃபிளைகள் விடுபட்டுவிட்டன.

ஜூன் முதல் முதல் உறைபனி வரை லெட்டார்ட்டின் பகல் சாப்பாடு கரையிலிருந்து விழுபவை: எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, இலைத் தத்துப்பூச்சி. இந்த ஓடை உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை இதுதான். மற்றவர்கள் மேஃப்ளையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மாரினாரோ தண்ணீரின் தோலில் கிடந்த நுண்ணிய தரைப்பூச்சிகளைக் கண்டு ஜாசிட் ஃபிளையை உருவாக்கினார். 20, 22 முள்ளில் உடல் நெடுகச் சுற்றிய இறகைக் கீழே வெட்டிவிட்டு, மேலே காட்டுக்கோழியின் ஒற்றை இறகைத் தட்டையாகக் கட்டுவது. மேலே பார்த்தால் ஒன்றுமில்லை, கீழிருந்து பார்த்தால் பூச்சி. உயரத்தை விட்டுவிட்டு அடிவடிவத்தை மட்டும் காட்டுவதே அதன் சூத்திரம். எட் ஷெங்க் என்ற ஃபிளை கட்டுபவரின் பெயரோடு சேர்ந்த லெட்டார்ட் ஹாப்பரும் கறுப்பு லெட்டார்ட் கிரிக்கெட்டும் அதே கரையில் பிறந்தவை, 12 முதல் 16.

வண்டு ஃபிளையை மெத்தென்று வைப்பதற்கு மாறாக, மீனின் கண்ணுக்குப் பக்கவாட்டில் ஓர் அடி தள்ளி லேசாகத் தட்டுவது போல விழச் செய்யுங்கள். உதிர்ந்து விழும் பூச்சியின் அந்தச் சிறு சத்தத்துக்கு மீன் திரும்பிப் பார்க்கும். எல்லாவற்றிலும் மென்மை வேண்டும் என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு. எறும்பு கட்டும்போது இடுப்பு மெலிந்து, இரண்டு குண்டு தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும், அதை நிரப்பிவிட்டால் எறும்பு இல்லை.

கம்பர்லண்ட் பள்ளத்தாக்கின் பக்கத்து ஓடைகளுக்குப் போனால் கவனம் மாறும். சாம்பர்ஸ்பர்க் பக்கம் ஃபாலிங் ஸ்பிரிங் கிளையில் ஜூலை நடுவிலிருந்து ட்ரைக்கோ என்ற மிகச் சிறிய மேஃப்ளை. ஈசல் போல ஒரு காலையோடு முடியும் வாழ்க்கை. காற்று 68 ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது, பெரும்பாலும் 8 முதல் 10 மணிக்குள், இணை சேர்ந்த பூச்சிகள் சிறகு விரித்தபடி செத்து விழும். அந்த வடிவில் கட்டிய 24ஆம் எண் ஸ்பின்னர் ஃபிளை, 7எக்ஸ். மீன் மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தில் நின்று மேயும், கொக்குநடை சொன்ன ஜன்னல் ஐந்தாறு அங்குலத்துக்குச் சுருங்கிவிடும். மீன் பக்கவாட்டில் நகராது, ஃபிளை வாய்க்கு நேரே வர வேண்டும். வாய் திறக்கும் தாளத்தை எண்ணி, அந்தத் தாளத்தில் ஃபிளை சேரும்படி போடுவதுதான் வேலை.

மற்ற மேஃப்ளை ஃபிளைகள்: சல்ஃபர் 16, மே நடுவிலிருந்து ஜூன் வரை மாலையில். நீல ஒலிவ் 18 முதல் 22, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், மேகமூட்ட நாளில்.

கொக்குநடை:

ஒரு சின்னச் சேர்க்கை. மீன் மேலெழுந்த இடத்தில் விரியும் நீர் வளையத்தில் குமிழி மிஞ்சினால் மீன் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது, மேற்பரப்பில்தான் சாப்பிடுகிறது. குமிழி இல்லாமல் முதுகும் வாலும் மட்டும் புரண்டால் தோலுக்குக் கீழே எடுக்கிறது. அப்போது உலர் ஃபிளையை விட்டுவிட்டு, அதே பூச்சியின் பாதி மூழ்கிய வடிவத்தைப் போடுங்கள். இதைப் பார்க்காமல் ஃபிளையை மாற்றிக்கொண்டே இருப்பதில்தான் நேரம் போகிறது.

நீர்வளையம்:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு யாரும் வரவில்லை. மாட்டிய பிறகு.

கொக்கி போடுவது ஓங்கி இழுப்பது அல்ல. மீன் உலர் ஃபிளையை எடுத்து, அதன் தலை கீழே இறங்கும் வரை பொறுத்து, ராடை உயர்த்தி லைனை இறுக்கினால் போதும். கீழ்நோக்கிய காஸ்டில் இந்தப் பொறுமை இரட்டிப்பு முக்கியம். அவசரப்பட்டால் திறந்த வாயிலிருந்தே ஃபிளை வெளியே வந்துவிடும். 6எக்ஸ் அறுவது பெரும்பாலும் போராட்டத்தில் அல்ல, இந்த முதல் கணத்தில்தான், லைனைக் கையால் இறுகப் பிடித்திருப்பதால். விரலுக்கடியில் லைன் வழுக்கட்டும்.

மாட்டியதும் மீன் நேரே பாசிக்குப் போகும். முதல் ஐந்து நொடி உங்களுடையது. எழுந்து, மீனுக்கு எதிராகவோ கீழ்நீர்ப் பக்கமோ நகர்ந்து, ராடைத் தண்ணீருக்கு இணையாகப் பக்கவாட்டில் சாய்த்துத் தலையைத் திருப்புங்கள். தலை திரும்பினால் உடல் பின்னால் வரும். ராடை உயர்த்திப் பிடித்தால் மீன் கீழேதான் தோண்டும். முடிந்தால் பாசியின் மேற்பரப்பு மீதே வழுக்கி இழுத்துவிடுங்கள்.

உள்ளே புகுந்துவிட்டால் இழுக்காதீர்கள். ஒவ்வொரு இழுப்பும் பாசியை லீடர் மேல் கட்டுகிறது, 6எக்ஸ் அந்த எடையைத் தாங்காது. கீழ்நீர்ப் பக்கம் போய், லைனை முழுக்கத் தளர்த்தி ஒரு நிமிடம் காத்திருங்கள். அழுத்தம் இல்லாதபோது மீன் பெரும்பாலும் தானே நகரும். நகராவிட்டால், புகுந்த திசைக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து மெதுவாகவும் தொடர்ந்தும் அழுத்துங்கள். வலை நீளக் கைப்பிடியோடு, ரப்பர் வலையாக இருக்கட்டும், உயரக் கரையிலிருந்து எட்ட வேண்டும்.

முள்ளின் பார்பை (நுனியருகே உள்ள எதிர்முள்ளை) நசுக்கிவிடுங்கள். மீனை வலையிலேயே தண்ணீருக்குள் வைத்து, ஈரக் கையால் ஃபிளையை எடுத்து விடுங்கள். இவை ஓடையிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள், பண்ணையில் வளர்த்து விட்டவை அல்ல.

16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாநில உரிமமும் தனியாக ட்ரவுட் அனுமதியும் வேண்டும். மேல்பகுதியில் சிறப்பு விதி உள்ள நீளம் இருக்கிறது, பென்சில்வேனியா மீன் மற்றும் படகு ஆணையத்தின் அந்த ஆண்டு விதிச் சுருக்கத்தையும் கரையில் உள்ள பலகையையும் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

முடிச்சு_17:

இறங்காமல் கரையிலிருந்தே பிடித்தாலும் பூட்ஸும் வலையும் நனையும். 2013இல் சென்டர் கவுண்டியின் ஸ்பிரிங் கிரீக்கில் நியூசிலாந்து சேற்று நத்தை கண்டுபிடிக்கப்பட்டது. கால் அங்குலத்துக்கும் சிறியது, இணை இல்லாமலே பெருகும், ஒன்று போதும் ஓர் ஓடையைப் பிடிக்க. ஈரத்தில் பல நாள் உயிரோடு இருக்கும். ஒரு சுண்ணாம்பு ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் பூட்ஸின் மடிப்புகளையும் லேஸையும் தேய்த்துக் கழுவி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் 120 ஃபாரன்ஹீட்டுக்கு மேலுள்ள வெந்நீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள், சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபெல்ட் அடி உள்ள பூட்ஸ் ஈரத்தை விடாது, இந்த ஓடைகளுக்கு ரப்பர் அடியே நல்லது.

ஊற்றுக்கண்:

ரீச் காஸ்டைக் கீழ்நோக்கிப் போடும்போது, மீனைத் தாண்டி மூன்றடி விடுவதற்குச் சுருள் போதாமல் போகிறது. டிப்பெட்டை 36 அங்குலமாக்கலாமா, அல்லது பைலையும் ரீச்சையும் சேர்த்துப் போடலாமா?

பழையகரை:

சேர்த்துப் போடுங்கள். முன்வீச்சை உயரமாக நிறுத்தி, லைன் இறங்கும்போதே ராடை மேல்நீர்ப் பக்கம் சாய்த்து, கடைசியில் நுனியைத் தாழ்த்துங்கள். துல்லியம் ஒரு அடி குறையும், ஆகவே மீனுக்கு நேர்கோட்டில் விழவில்லை என்றால் பதறாமல், ஃபிளை விழுந்த உடனே ராடை உயர்த்தி மேற்பரப்பில் சில அங்குலம் இழுத்து மீனின் பாதைக்குக் கொண்டுவந்து, பிறகு நுனியைத் தாழ்த்திச் சுருளை விடுங்கள். இதை மீனுக்கு நான்கடி மேல்நீரிலேயே செய்து முடித்துவிட வேண்டும். டிப்பெட்டை 36 ஆக்குவது காற்றில்லாத நாளுக்கும், 18க்குச் சிறிய ஃபிளைக்கும் சரி. 14ஆம் எண் வெட்டுக்கிளியோடு அந்த நீளம் முறுக்கிக்கொள்ளும், அப்போது 5எக்ஸ், 24 அங்குலம்.